ஒன்பதாம் எண் தோட்டா

மொன்றியல் கோயிலில் யாராவது கேட்டால், "ஆத்துக்குத் தெற்கே, ரிவ்-சூட் பக்கம் ஒரு விளையாட்டுச் சாமான் கடையில வேலை" என்பாள் அனுசூயா. அதைப் பொய் என்று சொல்லிவிட முடியாது. அந்தக் கடையில் தூண்டில் உண்டு, கூடாரம் உண்டு, பனியில் நடக்கிற அகலச் செருப்பு உண்டு. கடையின் பின்பக்கம் பூட்டிய கண்ணாடி அலமாரியில் வேட்டைத் துப்பாக்கிகள் நிற்பதையும், பக்கத்து மேசைக்குப் பின்னால் தோட்டாப் பெட்டிகளுக்கு நடுவே தான் நிற்பதையும் மட்டும் அவள் சொன்னதில்லை. யாரும் துருவிக் கேட்டதுமில்லை. நெற்றியில் விபூதியோடு, பிரதோஷம் தவறாமல் எலுமிச்சைச் சாதம் கொண்டுவருகிற ஐம்பத்தெட்டு வயதுப் பெண்மணி மான் சுடும் தோட்டா விற்பாள் என்று யாருக்குத் தோன்றும்?

அவளுக்கே தோன்றியதில்லைதான். திருச்சியில் வேதியியல் படித்தவள். கணவர் ஜெயராமுக்கு விமான உதிரிப்பாகத் தொழிற்சாலையில் வேலை கிடைத்து மொன்றியல் வந்தபோது கையில் ஒரு பட்டம் இருந்தது, வாயில் ஒரு பிரெஞ்சுச் சொல்கூட இல்லை. மொழி படித்தாள். கார்தெரி என்கிற குழந்தைகள் காப்பகத்தில் பிள்ளைகளுக்கு மூக்குத் துடைத்தாள். தெப்பனர் என்கிற மூலைக்கடை ஒன்றில் ஆறு வருஷம் கல்லாவில் நின்றாள். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் புரோசார்ட்டில் வீடு வாங்கிக் குடிவந்த கையோடு, நெடுஞ்சாலை ஓரத்தில் இருந்த இந்தக் கடையின் கண்ணாடியில் ஆள் தேவை என்று பார்த்து உள்ளே போனாள். முதலாளி ரெஜான் பெரிய மீசைக்காரர், பொறுமையில்லாதவர். பின்பக்க அலமாரியைக் காட்டி, இதில் எது எங்கே இருக்கிறதென்று எனக்கே தெரியவில்லை என்றார். ஒரே வாரத்தில் அனுசூயா அந்த அலமாரியைத் தன் வீட்டு அஞ்சறைப்பெட்டி மாதிரி ஆக்கிவிட்டாள்.

அப்புறம் அவளை அங்கிருந்து நகர்த்த ரெஜானுக்கு மனம் வரவில்லை. துப்பாக்கி உரிமத்துக்கான வகுப்புக்கு அனுப்பினார். பரீட்சையில் அந்த வகுப்பிலேயே அவளுக்குத்தான் அதிக மதிப்பெண். அந்த வகுப்பில் சுடவெல்லாம் மாட்டார்கள்; வெறும் துப்பாக்கியைத் திறந்து மூடிக் காட்டினால் போதும். ஆகவே இந்த ஒன்பது வருஷத்தில் அனுசூயா ஒரு தோட்டாவைக்கூடச் சுட்டதில்லை. தோட்டா என்றால் அவளுக்குப் பெட்டியின் மேல் அச்சடித்திருக்கும் எழுத்து. நீளம் இவ்வளவு, எடை இவ்வளவு, உள்ளே இருக்கும் ஈயக் குண்டின் எண் இவ்வளவு. எண் ஏற ஏறக் குண்டு சிறுக்கும் என்பது புதிதாக வருகிறவர்களைக் குழப்பும், அவளைக் குழப்பாது. வாத்துக்கு எது, காட்டு வான்கோழிக்கு எது, களிமண் தட்டை வானத்தில் எறிந்து சுட்டுப் பழகுகிறவர்களுக்கு எது என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். முரட்டு வேட்டைக்காரர்கள்கூட ரெஜானை விட்டுவிட்டு அவளிடம் வந்து கேட்டார்கள். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வம் உண்டு.

வீட்டில் முட்டைகூட நுழையாது. அதற்கும் இதற்கும் எப்படி ஒத்துப்போகிறது என்று ஜெயராம் ஒருமுறை கேட்டார். "அரிவாள்மணை விக்கிறவன் யார் வீட்டுல என்ன நறுக்குறாங்கன்னு பார்த்துட்டா இருப்பான்?" என்று வாயை அடைத்துவிட்டாள். விற்பது வேறு, சுடுவது வேறு. ஒன்பது இலையுதிர்காலம் அவள் கையிலிருந்து போன பெட்டிகளில் எத்தனை மான், எத்தனை மூஸ் கடமான், எத்தனை காட்டு வாத்து விழுந்தனவோ. ஒருநாள்கூடத் தூக்கம் கெட்டதில்லை. அவளுடைய கருணைக்கும் ஒரு எல்லைக்கோடு இருந்தது. அந்தக் கோட்டுக்கு உள்ளே இருந்தது ஒரே ஒரு பறவை.

தினமும் காலையில் குக்கர் இறங்கியதும் ஒரு பிடி சாதம் காக்கைக்கு. வைத்துவிட்டுத்தான் அவள் வாயில் காப்பியைத் தவிர வேறு எதுவும் போகும். இந்த ஊர்க் காகம் கொழுத்தது, கழுத்தில் சாம்பல் நிறம் கிடையாது, நம் ஊர்க் காகம் மாதிரி ஒழுங்காகக் கத்தவும் தெரியாது. ஆனாலும் காகம் காகம்தானே. பறவைகளுக்குத் தீனி போடக்கூடாது என்று நகர நிர்வாகத்திலிருந்து கடிதம் வந்தபின், சாதத்தை எடுத்துக்கொண்டு ஓடைக்கரை வேலிவரை நடந்தாள். மைனஸ் இருபதிலும் நடந்தாள். மானுக்கும் வாத்துக்கும் இல்லாத உறவு காக்கையோடு எப்படி வந்தது என்று கேட்டால் அவள் சொல்லக்கூடியது இவ்வளவுதான். அம்மா வைத்தாள், மாமியார் வைத்தாள், அவள் வைக்கிறாள்.

போன மே மாதக் கடைசியில் ஞானேந்திரன் கடைக்கு வந்தார்.

ஞானேந்திரனை அவளுக்கு முன்பே தெரியும். யாழ்ப்பாணத்துக்காரர், ஐம்பதைத் தொட்டவர், உரத்துப் பேசத் தெரியாதவர். பதினெட்டு வருஷம் ஒரு உணவகச் சமையலறையில் நின்று, போதும் என்று விட்டு, சேன்-ரெமிப் பக்கம் நிலம் குத்தகைக்கு எடுத்தவர். பயித்தங்காய், கத்தரி, கீரை, கூடவே சோளம். ஆகஸ்டில் ஜான்-டலோன் சந்தையில் ஒரு கடைக்கு அவருடைய சோளம் போகும். முதல் வருஷம் மழை கெடுத்தது, இரண்டாம் வருஷம் காகம் கெடுத்தது. இது மூன்றாம் வருஷம். இந்த முறையும் சோளம் போனால் நிலத்தை விட்டுவிட்டு மறுபடியும் சமையலறைக்குத்தான் போகவேண்டும் என்று ஏப்ரலில் பழைய துப்பாக்கி ஒன்றை வாங்க வந்தபோதே சொல்லியிருந்தார்.

"அக்கா, முளைச்ச உடனை காகம் வந்து இழுத்துப் போட்டு விதையைத் தின்னுது. நூல் கட்டினன், பலூன் கட்டினன், வெடி போட்டனான். ஹொக்கி சட்டை போட்டு வெருளிப் பொம்மையும் வைச்சனான். அதின்ர தலையிலை ஏறி இருக்குதுகள்" என்றார். காகிதங்களை எல்லாம் எடுத்து மேசையில் பரப்பினார். உரிமம், நிலச் சொந்தக்காரரின் கடிதம், விரட்டிப் பார்த்ததற்கான குறிப்புகள். எல்லாம் சரியாக இருந்தன.

"சொல்லுங்க தம்பி, என்ன வேணும்?"

"அது எனக்குத் தெரியேல்லை அக்கா. நீங்கள்தான் சொல்ல வேணும். ஒண்டு மட்டும். குண்டு பட்டா அந்த இடத்திலையே முடிய வேணும். காயப்பட்டுத் துடிச்சுக்கொண்டு கிடக்கக் கூடாது. அப்பிடி ஒரு தோட்டா இருந்தாத் தாங்கோ. இல்லாட்டி எனக்கு உது வேண்டாம்."

இருந்தது. கைக்கு எட்டும் உயரத்தில், வலப்பக்கம் மூன்றாம் தட்டில் இருந்தது. ஆறாம் எண், முப்பத்திரண்டு கிராம். சின்ன மிளகளவு குண்டுகள். காகம் என்று கேட்ட பத்துப் பன்னிரண்டு பேருக்கு ரெஜான் அதைத்தான் எடுத்துக் கொடுத்தார், அவள் பார்த்திருக்கிறாள். அவள் கையும் தன்னிச்சையாக அந்தத் தட்டுக்குத்தான் போனது. பெட்டியைத் தொட்டும்விட்டது. அன்று காலையில்தான் ஓடைக்கரை வேலியில் இரண்டு காகம் அவள் வைத்த சாதத்தைத் தின்றிருந்தன. அவள் கை கீழே இறங்கியது. கடைசித் தட்டில் களிமண் தட்டுக்காரர்கள் வாங்குகிற ஒன்பதாம் எண் பெட்டி இருந்தது. உள்ளே கடுகளவு குண்டுகள். அதை எடுத்து மேசையில் வைத்தாள்.

அந்த ஒரு நிமிஷத்தில் அவள் போட்ட கணக்கு இது. குண்டு சின்னது, ஆகவே அடியும் சின்னது. காகத்துக்குச் சுருக்கென்று தைக்கும், சாகாது. பறந்துபோகும். காகம் புத்தியுள்ள ஜீவன். ஒன்றுக்குப் பட்டால் மற்றதுக்கும் சொல்லும். ஒரு வாரத்தில் அந்தப் பக்கமே வராது. சோளமும் பிழைக்கும், காகமும் பிழைக்கும், தன் கையிலும் பாவம் ஒட்டாது. பாம்பும் நோகாமல் பாம்படித்த கோலும் நோகாமல் காரியம் முடிந்துவிடும். குண்டையே கண்ணால் பார்க்காமல், பெட்டியை மட்டும் பார்த்தவளுக்குத்தான் இப்படி ஒரு கணக்கு வரும்.

"இதுதானோ அக்கா?"

"இதுதான். காக்காய்க்கு இதுதான் சரியா இருக்கும்."

"நீங்கள் சொன்னாச் சரி" என்றார் ஞானேந்திரன். பெட்டியைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை.

அன்று மாலை ஜெயராமிடம் சொன்னாள். அவர் சிரித்து, "பரவாயில்லையே, காக்காய்க் கூட்டத்துக்கே உளவாளி ஆயிட்டியே" என்றார். இருவரும் சந்தோஷமாகச் சாப்பிட்டார்கள்.

பத்து நாளில் ஞானேந்திரன் திரும்ப வந்து இன்னும் இரண்டு பெட்டி வாங்கிப் போனார். எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "வருகுதுகள் அக்கா, ஆனா முந்தி மாதிரி இல்லை" என்று மட்டும் சொன்னார். முகம் வாடியிருந்தது. தோட்ட வேலை, வெயில் என்று அனுசூயா நினைத்துக்கொண்டாள். அடுத்த வாரம் மறுபடியும் இரண்டு. பாவம், நிறையச் சுடுகிறார், காகம் ஒன்றும் விழவில்லை என்று உள்ளுக்குள் அவளுக்கு ஒரு குளிர்ச்சி. தன் புத்திசாலித்தனத்தைத் தானே போய்ப் பார்க்கவேண்டும் என்ற ஆசையும் வந்தது. கீரை வாங்கப் போகலாம் என்று ஜூன் நடுவில் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை ஜெயராமைக் கார் எடுக்கச் சொன்னாள்.

சேன்-ரெமியில் நிலம் கறுப்பாக, தட்டையாக, கண்ணுக்கு எட்டியவரை கிடந்தது. ஜெயராம் வழியிலேயே நீர் இறைக்கும் மோட்டாரைப் பார்த்து நின்றுவிட்டார். இரும்பைக் கண்டால் அவருக்குக் கால் நகராது. அனுசூயா கீரைப்பாத்தி தாண்டிச் சோளம் இருந்த பக்கம் நடந்தாள். பயிர் முழங்கால் உயரம்கூட இல்லை. பாதி வரிசைகளில் இடைவெளி விழுந்திருந்தது. அந்த இடைவெளி ஒன்றில் ஏதோ கறுப்பாகக் கிடந்தது. பிளாஸ்டிக் துண்டு என்று நினைத்துக் கிட்டப் போனாள்.

காகம். உயிரோடு இருந்தது. ஒரு இறக்கை விரிந்து மண்ணில் கிடந்தது, அதில் எறும்பு ஏறியிருந்தது. ஒரு கண் மூடி வீங்கியிருந்தது. மற்றக் கண்ணால் அவளைப் பார்த்தது. வாயைத் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. அவள் நெருங்கியதும் நகரப் பார்த்தது, ஒரு அடி தூரம் மார்பால் இழுத்துக்கொண்டு போய் நின்றுவிட்டது. அதன் பின்னால் மண்ணில் அப்படி இழுத்துக்கொண்டு வந்த தடம் வேலிவரைக்கும் நீண்டு கிடந்தது. நேற்றிலிருந்தோ முந்தாநாளிலிருந்தோ அது இப்படி வந்துகொண்டிருக்கிறது.

அனுசூயா அங்கேயே நின்றாள். ஓடவும் முடியவில்லை, குனிந்து தொடவும் முடியவில்லை.

பின்னால் ஞானேந்திரன் மண்வெட்டியோடு ஓடிவந்தார். "அக்கா, அங்காலை போங்கோ. உதைப் பாக்காதேங்கோ" என்றார். அவள் நகரவில்லை என்று கண்டு, அவளுக்கும் காகத்துக்கும் நடுவே தன் முதுகைக் காட்டி நின்றுகொண்டார். ஒரே அடி. பிறகு குனிந்து அதைத் தூக்கி வேலியோரம் கொண்டுபோய்க் குழி தோண்டிப் புதைத்துவிட்டு, கையைக் கால்சட்டையில் துடைத்துக்கொண்டே வந்தார். அவர் முகத்தில் இருந்த வெட்கத்தை அவளால் பார்க்க முடியவில்லை.

"குறை நினையாதேங்கோ அக்கா. நீங்கள் வாறது தெரிஞ்சிருந்தா நான் விடியவே எல்லாம் தேடித் துப்புரவாக்கி வைச்சிருப்பன்."

"எல்லாம்னா?"

"படுகுது அக்கா. பட்ட இடத்திலை விழுகுதில்லை. பறந்து போய் எங்கையாவது பத்தைக்குள்ளை விழுந்து கிடக்குது. ஒவ்வொரு பின்னேரமும் வரிசை வரிசையாத் தேடுறன். முந்தநாள் நாலு. எல்லாத்தையும் இந்த மண்வெட்டியாலைதான்." மண்வெட்டியைக் காட்டினார். "கண் டொக்டரிட்டையும் போனனான். கண்ணிலை பிழை இல்லையாம். அப்ப கைதான். நீங்கள் தந்தது சரியான தோட்டா. என்ர கைதான் நடுங்குது போலை. சண்டை நேரம் ஆஸ்பத்திரி வளவிலை காயக்காரரைக் கண்டவன் நான், அக்கா. ஒரு உயிரைச் சாகவும் விடாமல் பிழைக்கவும் விடாமல் போட்டு வைக்கிறது என்னெண்டு எனக்குத் தெரியும். தெரிஞ்சுகொண்டும் செய்யிறனே."

இந்த இடத்தில் அவள் சொல்லியிருக்கவேண்டும். வாயைத் திறந்தாள். "உங்க கையில தப்பில்லை, என் கையிலதான்" என்ற ஐந்தே சொல் நாக்கின் நுனியில் நின்றது.

"கீரை ரெண்டு கட்டுப் போதும்" என்றாள்.

அவர் நாலு கட்டுக் கொடுத்தார்.

காரில் வரும்போது ஜெயராமிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் வேகத்தைக் குறைத்தார். "கடுகளவு குண்டுக்கு எடை ஏது? முப்பது நாப்பது மீட்டர் போறதுக்குள்ள வேகம் செத்துடும். உள்ள இறங்காது, ஆனா தைக்கும். எலும்பை உடைக்கும், கண்ணைக் குத்தும். என்ஜினியர்னு பேரு, எனக்கு அன்னிக்கே தோணியிருக்கணும், சிரிச்சேன் பாரு" என்றார். கருணை என்று தான் நினைத்தது என்ன வேலை செய்திருக்கிறது என்று அவருடைய அந்த நாலு வாக்கியத்தில் அவளுக்கு முழுதாக விளங்கியது. பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்தது என்பார்கள். இது குரங்குகூட இல்லை. மறுநாள் காலையில் பிடி சாதத்தை எடுத்துக்கொண்டு வேலிவரை போனாள். இரண்டு காகமும் வழக்கம்போல வந்து இறங்கின. அவளால் அவற்றைப் பார்த்து நிற்க முடியவில்லை. சாதத்தைக் கொட்டிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு வேகமாக நடந்தாள்.

கடையில் ரெஜானிடம் சும்மா கேட்பதுபோலக் கேட்டாள், காகத்துக்கு ஒன்பதாம் எண் போட்டால் என்ன ஆகும் என்று. அவர் கையிலிருந்த தூண்டில் சுருளைக் கீழே வைத்தார்.

"ஒன்பது களிமண் தட்டுக்கு. தட்டு உடைந்தால் போதும், அதற்கு வலிக்காது. காகத்துக்கு ஆறு, முப்பது மீட்டருக்குள்ளே. அதைவிடத் தள்ளி இருந்தால் விசையைத் தொடவே கூடாது. ஒரு பிராணியைக் கொல்லத்தான் வேண்டுமென்றால் அதற்கு நாம் கொடுக்கவேண்டிய மரியாதை அது ஒன்றுதான். ஒன்பதைக் கொடுக்கிறவன் ஒன்று முட்டாள், இல்லையென்றால் கொடூரன். யார் கொடுத்தது?"

"வேற ஏதோ கடையில" என்றாள் அனுசூயா.

"அந்தக் கடையை மூடவேண்டும்" என்று சொல்லிவிட்டு ரெஜான் மறுபடியும் சுருளை எடுத்துக்கொண்டார்.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியாது. அவளும் அன்று முழுவதும் கத்தாமல், பெட்டிகளைத் துடைத்து அடுக்கிக்கொண்டு நின்றாள். ஞானேந்திரனின் தொலைபேசி எண் பதிவேட்டில் இருந்தது. செவ்வாய்க்கிழமை எடுத்துப் பார்த்தாள். புதன்கிழமை எண்ணை அழுத்தி, மணி அடிக்குமுன் வைத்துவிட்டாள். தெரியாமல் செய்த தவறு என்றால் சொல்லிவிடலாம். தெரிந்து செய்தது. ஒரு மனுஷன் இதுதான் வேண்டாம் என்று வாய்விட்டுச் சொன்ன அதையே எடுத்து, இதுதான் சரி என்று கொடுத்தது. இதை எப்படித் தொலைபேசியில் சொல்வது? நேரில்தான் எப்படிச் சொல்வது?

வியாழக்கிழமை மதியம் அவரே வந்தார். கையில் நீளமான துப்பாக்கி உறை இருந்தது. "போன்ஜூர்" என்று ரெஜானுக்குச் சொல்லிவிட்டு அதை மேசைமேல் வைத்தார்.

"அக்கா, இதை நீங்களே எடுத்துக்கொள்ளுங்கோ. எவ்வளவு தந்தாலும் பரவாயில்லை. எனக்கு ஏலாது. சோளத்தை விடுறன். நிலத்தையும் இந்த வருஷத்தோடை விட்டிடுவன். உணவகத்திலை கதைச்சிட்டன், செப்டெம்பரிலை வரச் சொல்லுறாங்கள்."

ரெஜான் வந்து துப்பாக்கியை எடுத்து, திறந்து, குழலுக்குள் வெளிச்சம் பார்த்தார். நல்ல துப்பாக்கியாயிற்றே, ஏன் விற்கிறாய் என்று கேட்டார். ஞானேந்திரன் தன் இரண்டு கைகளையும் தூக்கிக் காட்டி, தெரிந்த பிரெஞ்சில், "என் கைகள். நல்லதில்லை" என்றார். ரெஜான் தோளைக் குலுக்கிவிட்டு, விற்பனைப் படிவத்தை எடுத்து அனுசூயாவின் முன்னால் வைத்தார்.

அவள் பேனாவை எடுத்தாள். ஒரு வார்த்தைகூடப் பேசவேண்டியதில்லை. இந்தத் தாளில் நாலு கட்டத்தை நிரப்பினால் துப்பாக்கி அலமாரிக்குள் போய்விடும். காகமெல்லாம் பிழைக்கும், அவள் ஆரம்பத்தில் விரும்பியதும் அதுதானே. யாருக்கும் ஒன்றும் தெரியாது. நேற்றிரவு ஜெயராமும் அதைத்தான் சொன்னார், வாயை மூடிக்கொண்டிரு, அதுவாகச் சரியாகிவிடும் என்று. எல்லாம் அப்படியே கூடி வந்திருந்தது. எதிரே ஒரு மனுஷன் தன் கையைப் பார்த்துக்கொண்டு நின்றார், அது தன்னுடைய கையே இல்லை என்பதுபோல. அந்தக் கையோடு அவர் சமையலறைக்குப் போவார். சாகிறவரைக்கும் அந்தக் கை நடுங்குகிற கை என்றே நம்புவார்.

பேனாவை வைத்துவிட்டாள்.

"தம்பி, உங்க கையில ஒரு தப்பும் இல்லை. நான் குடுத்த தோட்டா தப்பு. அது காக்காய்க்கு இல்லை. தட்டு சுட்டுப் பழகுறதுக்கு. அதுல சாகாது, காயம்தான் படும்."

ஞானேந்திரன் நிமிர்ந்து அவளைப் பார்த்தார். பிறகு, "மாறி எடுத்துத் தந்திட்டியளோ?" என்று கேட்டார். குரலில் ஒரு இரக்கம்கூட இருந்தது. மாறித்தான் எடுத்துவிட்டேன் என்று சொல்ல அவரே கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு நின்றார்.

"இல்லை. தெரிஞ்சுதான் குடுத்தேன்."

"ஏன்?"

"காக்காய் சாகக்கூடாதுன்னு நெனச்சேன். சும்மா சுருக்குன்னு பட்டுப் பறந்துடும்னு."

"செத்ததுதானே அக்கா." அவர் குரல் ஏறவில்லை. ஏறியிருந்தால் அவளால் தாங்கியிருக்க முடியும். "பதினேழு. ஒவ்வொண்டையும் தேடிப் பிடிச்சு நான் முடிச்சனான். தோட்டா வாங்க வந்த முதல் நாளே உங்களிட்டை அதைத்தானே கேட்டனான்."

மன்னித்துக்கொள்ளுங்கள் என்று சொல்லலாம். அந்தச் சொல்லை இப்போது இந்த மேசைமேல் வைத்தால், அதையும் அவர்தான் சுமந்துகொண்டு போகவேண்டும் என்று தோன்றியது. தலை குனிந்து நின்றாள்.

என்ன நடக்கிறது, இவர் என்ன சொல்கிறார் என்று ரெஜான் கேட்டார். ஒருமுறை சொன்னது போதாதென்று இன்னொரு மொழியில் மறுபடியும் சொல்லவேண்டி வந்தது. எத்தனை பெட்டி, எந்த அளவு, உரிமத்தைக் காட்டுங்கள் என்பதற்கெல்லாம் அவளிடம் பிரெஞ்சு இருந்தது. இதற்குத் தேடவேண்டியிருந்தது. போன மாதம் நான் இவருக்கு ஒன்பது கொடுத்தேன். காகத்துக்கு. தெரிந்தே கொடுத்தேன். திங்கட்கிழமை உங்களிடம் வேறு கடை என்று பொய் சொன்னேன். இப்படிச் சின்னச் சின்ன வாக்கியமாகச் சொன்னாள். ஒவ்வொன்றையும் சொல்லி முடித்து அடுத்ததைத் தொடங்கவேண்டியிருந்ததால் ஒளிவதற்கு இடமில்லாமல் போயிற்று.

ரெஜான் கண்ணாடியைக் கழற்றினார். கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அவர் படிவத்தை எடுத்து இரண்டாய்க் கிழித்துக் கூடையில் போட்டார். துப்பாக்கியை ஞானேந்திரன் பக்கம் தள்ளினார். "நாளைக்குப் பேசுவோம்" என்று அனுசூயாவின் முகத்தைப் பார்க்காமல் சொல்லிவிட்டு முன்பக்கம் போய்விட்டார்.

ஞானேந்திரன் துப்பாக்கியை உறைக்குள் வைத்து, பட்டியை மெதுவாக இழுத்துப் பூட்டினார். போய்விடுவார் என்று நினைத்தாள். அவர் போகவில்லை.

"எது சரி?"

"ஆறாம் நம்பர். முப்பது மீட்டருக்குள்ள. தள்ளி இருந்தா சுடக்கூடாது."

"ஒரு பெட்டி எடுங்கோ."

வலப்பக்கம் மூன்றாம் தட்டு. அவள் கை இந்த முறை இறங்கவில்லை. இந்தப் பெட்டியில் இருப்பதால் காகம் சாகும், பட்ட இடத்திலேயே சாகும், அதை எடுத்துக் கொடுப்பது தன் கை என்று நன்றாகத் தெரிந்துகொண்டு எடுத்தாள். மேசைமேல் வைத்தாள். அவர் உரிமத்தை நீட்டினார், எண்ணைப் பதிந்தாள்.

ஞானேந்திரன் பெட்டியை உடனே எடுத்துக்கொள்ளவில்லை. திருப்பி, பக்கத்தில் அச்சடித்திருந்த எண்ணைக் கிட்டப் பிடித்து வாசித்தார். பிறகு மூடியைத் திறந்தார். ஒரு தோட்டாவை வெளியே எடுத்து அதன் உடம்பில் எழுதியிருந்த எண்ணைப் பார்த்தார். அதை வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தார். அடுத்ததை. இருபத்தைந்து தோட்டாவையும் ஒவ்வொன்றாக எடுத்து, விரலால் எண்ணைத் தொட்டு, திருப்பிப் பெட்டிக்குள் வைத்தார். அவசரப்படவில்லை. அவமானப்படுத்தவேண்டும் என்ற எண்ணமும் அவர் முகத்தில் இல்லை. தூண்டில் வாங்க வந்த ஒருவர் பின்னால் வந்து வரிசையில் நின்றார். அனுசூயா மேசையின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, அவர் பார்த்து முடிக்கும்வரை நின்றாள்.

கடைசித் தோட்டாவையும் வைத்து மூடியை அழுத்தினார். உறையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெட்டியைக் கையில் எடுத்தார்.

"மெர்சி, மடாம்" என்று பிரெஞ்சில் நன்றி சொன்னார்.

எந்த வாடிக்கையாளருக்கும் சொல்வதுபோல, "நல்ல நாளாகட்டும்" என்று அவளும் பிரெஞ்சில் சொன்னாள். பின்னால் நின்றவர் முன்னால் வந்து, மண்புழு இருக்கிறதா என்று கேட்டார்.